எந்தப் புத்தகம் வாங்கலாம்? – சி.சி.என்.ஏ. எழுத நினைக்கும் நண்பர்களுக்கு



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், துணுக்கு இருக்கும், டூர் போய் வந்த கதை இருக்கும். அதெல்லாம் மற்ற பக்கங்களில் இருக்கட்டும். இந்தப் பக்கத்தில் கொஞ்சம் காசு சம்பந்தப்பட்ட விஷயம் பேசலாம்.

டிப்ளமோ முடிப்பதற்குள் ஒரு வெளிச் சான்றிதழ் கையில் இருந்தால் நல்லது என்ற எண்ணம் இப்போது எல்லாருக்கும் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் மட்டுமில்லை, ஈ.சி.ஈ., எலக்ட்ரிக்கல் நண்பர்களும் கேட்கிறார்கள். அதிலும் பெரும்பாலோர் கேட்பது நெட்வொர்க்கிங் துறையின் சி.சி.என்.ஏ. பற்றித்தான். "எப்படிப் படிக்கிறது?" என்று யாரும் கேட்பதில்லை. "எதைப் படிக்கிறது?" என்பதுதான் கேள்வி. கேட்ட அன்றைக்கே நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள். ஒருத்தர் தடி தடியாக இரண்டு புத்தகத்தின் பேரைச் சொல்வார். இன்னொருத்தர் ஒரு பென் டிரைவை நீட்டி, "மச்சி, இதுல எல்லாமே இருக்கு" என்பார். திறந்து பார்த்தால் நாற்பது ஜி.பி. வீடியோ, நூற்றைம்பது பி.டி.எஃப்.! அதை லேப்டாப்பில் ஏற்றி முடித்ததுமே பாதி படித்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த ஃபோல்டரை யாரும் திறப்பதில்லை.

சிஸ்கோ கம்பெனி நடத்தும் இந்தத் தேர்வின் கட்டணம் 300 அமெரிக்க டாலர். ரூபாய்க்கு மாற்றி வரியும் சேர்த்தால் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டிவிடும். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிற குடும்பத்துக்கும், அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற வீட்டுக்கும் இது சாதாரணத் தொகை இல்லை. ஃபெயில் ஆனால் அரியர் பேப்பருக்குக் கட்டுவது மாதிரி சில்லறையைக் கட்டிவிட்டு உட்கார முடியாது. மறுபடியும் முழுக் கட்டணம். ஆகவே எந்தப் புத்தகம், எந்த வீடியோ என்று முடிவு செய்ய ஒரு வாரம் செலவழித்தாலும் தகும்.

முதலில் வாங்க வேண்டியது புத்தகம் அல்ல

நம் பாலிடெக்னிக் பாடங்களுக்கு சிலபஸ் இருப்பதுபோல் ஒவ்வொரு சான்றிதழ் தேர்வுக்கும் 'எக்ஸாம் டாப்பிக்ஸ்' என்ற தாள் உண்டு. தேர்வை நடத்துகிறவர்களே இலவசமாக வெளியிடுகிறார்கள். சிஸ்கோவின் தளத்தில் சி.சி.என்.ஏ.வுக்கான தாள் சில பக்கங்கள்தான். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டால் ஒரு டீ, வடைக் காசு. வேடிக்கை என்னவென்றால், ஆயிரக்கணக்கில் செலவழித்து கோர்ஸ் சேர்ந்தவர்களில் பல பேர் இந்தத் தாளைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

தாளின் தலைப்பில் தேர்வு எண் இருக்கும். சி.சி.என்.ஏ.வின் எண் 200-301. 2020 பிப்ரவரி 24 முதல் இந்த எண்ணில் நடக்கிறது. 2024 ஆகஸ்ட் 20 முதல் அதே எண்ணின் 1.1 பதிப்பு. ஆறு பிரிவுகள்: நெட்வொர்க் அடிப்படை 20 சதவீதம், நெட்வொர்க் அணுகல் 20, ஐ.பி. இணைப்பு 25, ஐ.பி. சேவைகள் 10, பாதுகாப்பு அடிப்படை 15, ஆட்டோமேஷன் 10. இதைப் பார்த்த உடனே ஒரு விஷயம் தெரிகிறது அல்லவா? ரூட்டிங்கைச் சுற்றியுள்ள ஐ.பி. இணைப்பு மட்டும் கால் பங்கு. ஒரு வீடியோ கோர்ஸில் கேபிள் வகைகளுக்குப் பத்து மணி நேரமும் ரூட்டிங்குக்கு இரண்டு மணி நேரமும் ஒதுக்கியிருந்தால் அதைத் தயாரித்தவர் தாளைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

சதவீதத்தைவிட முக்கியமான ஒன்று இந்தத் தாளில் இருக்கிறது. ஒவ்வொரு வரியும் எந்த வினைச்சொல்லில் தொடங்குகிறது என்று கவனியுங்கள். சில வரிகள் 'டிஸ்கிரைப்' என்று தொடங்கும், சில 'எக்ஸ்பிளெய்ன்', சில 'கம்பேர்'. சில வரிகளோ 'கான்ஃபிகர் அண்ட் வெரிஃபை' என்று தொடங்கும். இந்த நாலு வார்த்தைக்குள் இருக்கும் வித்தியாசம்தான் உங்கள் புத்தக லிஸ்ட்டையே தீர்மானிக்கிறது. உதாரணமாக, ஓ.எஸ்.பி.எஃப். என்ற ரூட்டிங் முறைக்கு 'கான்ஃபிகர் அண்ட் வெரிஃபை' என்று போட்டிருக்கிறது. அதாவது ரவுட்டரில் நீங்களே கட்டளை அடித்து அமைக்க வேண்டும், அமைத்தது வேலை செய்கிறதா என்று பார்க்கவும் தெரிய வேண்டும். அதற்குக் கையால் செய்து பழகும் லேப் வேண்டும், வெறும் புத்தகம் போதாது. ஒரு ரவுட்டர் செத்தால் இன்னொன்று அதன் இடத்தைப் பிடிக்கும் எஃப்.எச்.ஆர்.பி. ஏற்பாட்டுக்கோ 'டிஸ்கிரைப்' என்றுதான் இருக்கிறது. எதற்கு, எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் போதும். அதற்காக ஒரு வாரம் லேப்பில் உட்கார வேண்டியதில்லை.

தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கட்டளை அடிக்க வேண்டிய வரிகளுக்கு 'லே', புரிந்தால் போதும் என்ற வரிகளுக்கு 'பு'. நமக்குப் பழக்கமான டூ மார்க், த்ரீ மார்க், இம்பார்ட்டன்ட் கொஸ்டின் கணக்கெல்லாம் இங்கே செல்லாது. இங்கே இம்பார்ட்டன்ட் கொஸ்டின் கொடுக்க எந்த சாரும் வரமாட்டார். இந்தப் பென்சில் குறிதான் நமக்கு சார்.

பழைய புத்தகம் பழைய மேப் மாதிரி

சென்னை மூர் மார்க்கெட்டிலோ, திருச்சியிலோ, பெரம்பலூர், அரியலூர் புத்தகத் திருவிழாக்களிலோ பழைய கம்ப்யூட்டர் புத்தகங்கள் சல்லிசாகக் கிடைக்கும். சீனியர் அண்ணன்மார்களும் போகும்போது அன்பாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வாங்கலாமா, கூடாதா?

நம் ஊர் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995-க்கு முன்னால் அச்சடித்த மேப்பில் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துக்குள் இருக்கும். 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. 2001 ஜனவரியில் அரியலூர் தனியாகப் பிரிந்தது, 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள், 2007 நவம்பரில் மறுபடியும் பிரித்தார்கள். எந்த வருஷத்து மேப் என்று தெரியாமல் அதை வைத்துக்கொண்டு, "அரியலூர் எந்த மாவட்டம்?" என்ற கேள்விக்குப் பதில் எழுதினால் என்ன ஆகும்? ஊர் அங்கேயேதான் இருக்கிறது, கொள்ளிடமும் அங்கேயேதான் ஓடுகிறது. எல்லைக்கோடுதான் மாறிவிட்டது.

சி.சி.என்.ஏ. புத்தகமும் அப்படித்தான். 640-801, 640-802, 200-120, 200-125 என்று எண் மாறிக்கொண்டே வந்தது. பழைய புத்தகத்தின் அட்டையில் இந்த எண்களில் ஒன்று இருக்கும். 'ஐ.சி.என்.டி. ஒன்று', 'ஐ.சி.என்.டி. இரண்டு' என்று இரண்டாகப் பிரிந்த புத்தகங்களும் அந்தக் காலத்தவை. 200-125 வரை இ.ஐ.ஜி.ஆர்.பி., ரிப் என்ற ரூட்டிங் முறைகளைப் படித்தாக வேண்டும். 200-301-இல் அவை இல்லை. அதற்குப் பதிலாக வைஃபை கண்ட்ரோலர், ஆட்டோமேஷன், ஏ.பி.ஐ., ஜேசான் எல்லாம் வந்தன. 2024-இல் 1.1 பதிப்பு வந்தபோது பப்பெட், ஷெஃப் என்ற இரண்டு கருவிகளின் பேரை எடுத்துவிட்டு டெராஃபார்மைச் சேர்த்தார்கள். செயற்கை நுண்ணறிவு பற்றியும் ஒரு வரி புதிதாக வந்தது.

ஆனால் பழைய புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஓ.எஸ்.ஐ. மாடல், டி.சி.பி., ஐ.பி. முகவரி, சப்நெட்டிங், வி-லேன், இவையெல்லாம் கொள்ளிடம் மாதிரி, இடம் மாறவில்லை. அந்த அத்தியாயங்களை மட்டும் படிக்க 640-802 புத்தகம் தாராளமாகப் போதும். சொல்லப்போனால் சில பழைய புத்தகங்களில் சப்நெட்டிங் இன்னும் நிதானமாகவே இருக்கும். ஐ.பி.எக்ஸ்., ஃபிரேம் ரிலே என்று பக்கம் பக்கமாக ஓடும் புத்தகம் கையில் கிடைத்தால் மட்டும் பத்திரமாக வாரணவாசி அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள், அங்கே புதைபடிவங்களுக்குத்தான் இடம் கொடுத்திருக்கிறார்கள்!

நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. 'எம்' ஸ்கீம் கைடை வைத்துக்கொண்டு 'என்' ஸ்கீம் பேப்பர் எழுதினால் என்ன நடக்கும் என்று நம் சீனியர்களைக் கேட்டால் தெரியும். அங்கே ஸ்கீம் பார்க்கிற நாம், இங்கே மட்டும் அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் காசு கொடுத்துவிடுகிறோம்.

ஒரே ஒரு பெரிய புத்தகம்

இப்போது புத்தகத்துக்கு வருவோம். வெண்டல் ஓடம் எழுதி சிஸ்கோ பிரஸ் வெளியிடும் அதிகாரபூர்வ வழிகாட்டிதான் எல்லாரும் சொல்கிற புத்தகம். இரண்டு பாகங்கள். 200-301-க்கான முதல் பதிப்புக்குப் பிறகு 2024-இல் இரண்டாம் பதிப்பு வந்தது, அதுதான் 1.1-க்கு உரியது. ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும், 'இது உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமா?' என்று ஒரு சின்னக் கேள்வித்தாள் வைத்திருக்கிறார். எல்லாம் சரியாக வந்தால் அந்த அத்தியாயத்தை வேகமாகப் புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். டிப்ளமோவில் நெட்வொர்க் பாடம் படித்த நமக்கு இந்த ஏற்பாடு நல்ல நேர மிச்சம்.

குறையும் உண்டு. புத்தகம் நீளம். ஆங்கிலமும் வளவளவென்று போகும். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு முதல் ஐம்பது பக்கத்திலேயே தூக்கம் வரும். அப்படிப்பட்டவர்கள் புத்தகத்தில் தொடங்காமல் வீடியோவில் தொடங்கலாம். 'ஜெர்மிஸ் ஐ.டி. லேப்' என்ற யூடியூப் கோர்ஸ் முழுக்க இலவசம். நிதானமான ஆங்கிலம், பாடத்துக்குப் பாடம் செய்முறைப் பயிற்சி ஃபைல், ஞாபக அட்டைகள் என்று கூடவே கொடுக்கிறார். காசே இல்லாதவர் இந்த ஒன்றையும் கையிலிருக்கும் தாளையும் வைத்தே ஒழுங்காகப் படிக்கலாம் என்பது என் அபிப்பிராயம். புத்தகம் சந்தேகம் வரும்போது புரட்ட லைப்ரரியில் ஒரு செட் இருந்தால் போதும்.

தமிழில் நெட்வொர்க்கிங் சொல்லித் தரும் வீடியோக்களும் வருகின்றன. பார்க்கலாமா? தாராளமாக. புரிவதற்குத் தமிழ் மாதிரி வராது. ஆனால் தேர்வு ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும்தான் நடக்கிறது. கேள்வியே நாலு வரி இருக்கும், நடுவில் 'நாட்' என்ற ஒரு வார்த்தையைத் தவறவிட்டால் பதில் தலைகீழாகிவிடும். எனவே தமிழில் கேட்டுப் புரிந்துகொண்ட அன்றைக்கே அதே பகுதியை ஆங்கிலப் புத்தகத்தில் இரண்டு பக்கமாவது வாசித்துவிட வேண்டும். தமிழ் வீடியோவோடு நிறுத்திக்கொண்டவர்கள் தேர்வில் திணறுவது விஷயம் தெரியாததால் இல்லை, கேள்வி பிடிபடாததால்தான்.

எந்தப் புத்தகமாக இருந்தாலும், எந்த வீடியோவாக இருந்தாலும் வாங்கும் முன் ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். சப்நெட்டிங் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 192.168.10.77, கூடவே சாய்வுக்கோடு போட்டு 27 என்று ஒரு முகவரி. இது எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது? மொத்தம் 32 பிட். அதில் 27 நெட்வொர்க்குக்குப் போய்விட்டது, மிச்சம் 5. இரண்டின் ஐந்தாம் அடுக்கு 32. ஆக நெட்வொர்க்குகள் 32, 32-ஆகத் தாவும்: 0, 32, 64, 96. நம்ம 77, 64-க்கும் 96-க்கும் நடுவில் விழுகிறது. எனவே நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் 95, இடையில் 65 முதல் 94 வரை முப்பது கம்ப்யூட்டருக்குக் கொடுக்கலாம். அவ்வளவுதான்.

இதை ஏன் இப்படி என்று காரணத்தோடு சொல்லி, அடுத்த பக்கத்திலேயே உங்களை நாலு கணக்குப் போடச் சொல்லி, கடைசியில் விடையும் வைத்திருந்தால் அது நல்ல புத்தகம். ஒரு பெரிய அட்டவணையைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னால் கீழே வைத்துவிடுங்கள். அத்தியாயம் முழுவதையும் படித்த பிறகும் மேலே உள்ள கணக்கு ஒரு நிமிஷத்துக்குள் வரவில்லை என்றால் அந்தப் புத்தகம் உங்களுக்கு ஒத்துவரவில்லை. அது உலகப் புகழ் பெற்றதாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

கை பழக வேண்டும்

'லே' என்று குறித்த வரிகள் ஞாபகம் இருக்கிறதா? அதற்கு ரவுட்டர் வாங்க வேண்டுமா என்று ஒரு முதலாமாண்டுத் தம்பி கேட்டான். வேண்டாம்ப்பா! சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி தரும் பேக்கட் டிரேசர் இலவசம். அகாடமி தளத்தில் பேர் பதிந்துகொண்டு இறக்கிக்கொள்ளலாம். திரையிலேயே ரவுட்டர், சுவிட்ச் எல்லாவற்றையும் இழுத்து வைத்து, ஒயர் மாட்டி, கட்டளை அடித்துப் பார்க்கலாம். வீட்டில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த லேப்டாப் இருந்தால் முயன்று பாருங்கள். அது திணறினால் நம் கல்லூரி லேப் இருக்கவே இருக்கிறது. சாயந்திரம் ஒரு மணி நேரம் கேட்டால் எந்த லேப் சாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்.

பேக்கட் டிரேசர் உண்மையான ரவுட்டர் அல்ல, அதைப் போல நடிக்கும் சாஃப்ட்வேர். எல்லாக் கட்டளையும் அதில் இருக்காது. ஆனால் இந்தத் தேர்வு அளவுக்கு அது போதும். ஆயிரக்கணக்கில் செலவு செய்து பழைய ரவுட்டர்களை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்து அடுக்குவது ஆசைக்குச் சரி, தேர்வுக்குத் தேவை இல்லை.

லேப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். படிக்குப் படி கட்டளையைக் கொடுத்து, அதை அப்படியே அடிக்கச் சொல்லும் பயிற்சி முதல் வாரத்துக்கு மட்டும்தான் உதவும். அதற்குப் பிறகு உடைந்த நெட்வொர்க்கைக் கொடுத்து, எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சிதான் வேண்டும். கிடைக்காவிட்டால் நாமே உடைத்துக்கொள்ளலாம். இரண்டு ரவுட்டரை ஓ.எஸ்.பி.எஃப். போட்டு இணையுங்கள். இருவரும் பத்து விநாடிக்கு ஒருமுறை 'ஹலோ' சொல்லிக்கொள்வார்கள். இப்போது ஒன்றில் மட்டும் அந்த நேரத்தை ஐந்து விநாடி ஆக்குங்கள். நாற்பது விநாடிக்குள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிடும். பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி, ஒயர் அப்படியே இருக்கும், விளக்கும் பச்சையாகத்தான் எரியும், ஆனால் பேசமாட்டார்கள். காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சரி செய்யுங்கள். இதை நண்பர்கள் இரண்டு பேராகச் செய்தால் இன்னும் ருசி. ஒருத்தர் உடைப்பது, இன்னொருத்தர் சரி பண்ணுவது. தேர்விலும் கட்டளை அடிக்க வேண்டிய லேப் கேள்விகள் வரலாம் என்பதால் இந்தப் பழக்கம் வீண் போகாது.

'டம்ப்' என்னும் பேய்

இனி, பலரும் மெல்லிய குரலில் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். டம்ப். உண்மைத் தேர்வில் வந்த கேள்விகளை யாரோ ஞாபகம் வைத்து, அல்லது திருடி, விடையோடு தொகுத்து விற்பதுதான் டம்ப். "இதை மட்டும் மனப்பாடம் பண்ணு, நூறு சதவீதம் பாஸ்" என்பார்கள்.

நேர்மை, நியாயம் என்று பாடம் நடத்த வரவில்லை. வெறும் கணக்காகவே பாருங்களேன். தேர்வு தொடங்கும் முன் கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன், நேர்மையற்ற வழியில் எழுதமாட்டேன் என்று ஒப்பந்தத்துக்குச் சம்மதம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். மீறியது தெரிந்தால் மதிப்பெண்ணை ரத்து செய்யவும், சான்றிதழைப் பறிக்கவும், மறுபடி எழுத விடாமல் தடுக்கவும் சிஸ்கோவுக்கு உரிமை உண்டு. இருபத்தைந்தாயிரம் ரூபாயை இந்த அபாயத்தின் மேல் வைப்பதா? அடுத்தது, டம்ப்பில் விடைகள் தப்பாக இருப்பது சகஜம். தொகுத்தவருக்கே விடை தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே! மூன்றாவது, இதுதான் பெரியது. சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ இன்டர்வியூவில் உட்கார வைத்து, "தம்பி, ரெண்டு வி-லேன் போட்டுக் காட்டு" என்று கீபோர்டைத் தள்ளினால் மனப்பாடம் பண்ணிய ஏ, பி, சி, டி எதற்கும் உதவாது.

அப்படியானால் பயிற்சிக் கேள்விகளே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். தேர்வு நேரம் 120 நிமிடம், ஒரு கேள்விக்குப் பதில் கொடுத்து அடுத்ததற்குப் போய்விட்டால் திரும்பி வந்து திருத்த முடியாது. அதற்குப் பழக வேண்டுமே! நல்ல பயிற்சித் தேர்வுக்கும் டம்ப்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். விடைக்குக் கீழே பாருங்கள். ஏன் இது சரி, மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று விளக்கம் இருந்தால் அது பயிற்சி. வெறும் 'விடை: சி' என்று மட்டும் இருந்து, பக்கத்தில் 'ரியல் எக்ஸாம் கொஸ்டின்' என்று பெருமையடித்தால் அது டம்ப். ஓடம் புத்தகத்தோடு பயிற்சித் தேர்வுகளும் வருகின்றன, முதலில் அதை முடித்துவிட்டு மற்றதைத் தேடலாம்.

கோச்சிங் சேரலாமா?

பெரம்பலூரிலிருந்து திருச்சி சுமார் 60 கிலோமீட்டர். அரியலூர்க்காரர்களுக்கு ரயில் இருக்கிறது, பெரம்பலூர்க்காரர்களுக்குப் பஸ்ஸை விட்டால் வேறு வழி இல்லை. வாரக்கடைசியில் தில்லைநகர் போய் கோச்சிங் படித்துவிட்டு வருகிறவர்கள் நம்மில் உண்டு. தனியாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு அதில் பிரயோஜனம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் காசு கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் தேர்வு எண்ணுக்குச் சொல்லித் தருகிறீர்கள்? நாங்கள் கட்டளை அடித்துப் பழக எத்தனை மணி நேரம்? மெட்டீரியல் என்று எதைத் தருகிறீர்கள், ஒரு பிரதியைப் பார்க்கலாமா? மூன்றாவது கேள்விக்கு, "அதெல்லாம் சேர்ந்த பிறகு" என்று பதில் வந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேருங்கள்.

சி.சி.என்.ஏ.வுக்கு இப்போது காசு இல்லை என்றால்

வெட்கப்பட ஒன்றும் இல்லை. மத்திய அரசின் நைலிட் நடத்தும் 'ஓ' லெவல் இருக்கிறது. 1990-இல் டோயக் என்ற பேரில் தொடங்கிய திட்டம், 2011-இல் அந்த நிறுவனம் நைலிட் என்று பேர் மாறியது. இதிலும் அதே எச்சரிக்கைதான். பழைய ஆர்-4 பாடத்திட்டத்தில் சி மொழி இருந்தது, ஆர்-5-இல் அந்த இடத்துக்குப் பைத்தான் வந்துவிட்டது, இன்டர்நெட் ஆஃப் திங்ஸ் ஒரு தனி பேப்பர் ஆனது. 'டோயக்' என்று அட்டையில் போட்ட புத்தகம் கையில் வந்தால் உஷார்.

என்.பி.டி.இ.எல். கோர்ஸ்களில் பாடம் பார்க்கக் காசே இல்லை, தேர்வு எழுதினால்தான் சின்னக் கட்டணம். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் வீடியோவும் வாரா வாரம் வரும் அசைன்மென்ட்டும்தான் அங்கே முழுப் பாடம். இறுதி மதிப்பெண்ணில் 25 அசைன்மென்ட்டுக்கு, 75 தேர்வுக்கு. வெளிப் புத்தகம் தேடி அலைய வேண்டாம், அசைன்மென்ட்டை விட்டுவிடாமல் செய்தாலே பாதி வேலை முடிந்தது. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் நம் பிரிவுக்கு எந்தக் கோர்ஸ் வந்திருக்கிறது என்று பிளேஸ்மென்ட் சாரிடம் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு வெளியே காசு கட்டுங்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மூலம் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வு எழுதும் தோழிகள், அந்த இன்ஸ்டிட்யூட் கம்ப்யூட்டரில் இருக்கும் ஆபீஸ் சாஃப்ட்வேரும் கைடில் படம் போட்டிருக்கும் சாஃப்ட்வேரும் ஒரே பதிப்புதானா என்று முதல் நாளே பார்த்துக்கொள்வது நல்லது.

செலவும் நேரமும்

இரண்டு பாகப் புத்தகத்தை ஒருவரே வாங்குவது வீண். இருவர் சேர்ந்து ஆளுக்கொரு பாகம் வாங்கி, முதல் பாகம் முடித்தவர் மாற்றிக்கொள்ளலாம். போர்டு எக்ஸாம் மாதங்களில் சி.சி.என்.ஏ.வைத் தொடாதீர்கள். ஐந்தாவது செமஸ்டர் முடிந்த விடுமுறையில் தொடங்கினால் ஆறாவது செமஸ்டர் முழுக்கத் தினம் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். கரன்ட் போகும் ஊர்க்காரர்கள், டேட்டா ஒழுங்காகக் கிடைக்காத கிராமத்து நண்பர்கள், வாரத்துக்கு வேண்டிய வீடியோக்களைக் கல்லூரி இருக்கும்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள். தாளில் உள்ள எல்லா 'லே' வரியையும் புத்தகம் பார்க்காமல் ஒருமுறை செய்து முடித்த பிறகே தேர்வுக்குக் கட்டணம் கட்டுங்கள். முதலில் காசைக் கட்டிவிட்டால் பயத்தில் படிப்போம் என்று சொல்கிறவர்கள் உண்டு. வீட்டில் காசு இருக்கிறவர்கள் அப்படிச் செய்து பார்க்கலாம்.

கட்டும் அன்று படிக்க வேண்டிய இன்னொரு காகிதம் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை: தேர்வு நடத்தும் பியர்சன் வியூவின் அடையாள அட்டை விதிகள். பதிவில் உள்ள பேரும் அட்டையில் உள்ள பேரும் ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கோ முதல் பேர், கடைசிப் பேர் என்று கிடையாது, இனிஷியல்தான். ஒரு அட்டையில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பேரே முழுசாக இருக்கும். எந்த அட்டையை ஏற்றுக்கொள்வார்கள் என்று பார்த்து, அந்த அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து பதிவு செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே எழுதிக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள், வாசலில் நின்று கேட்டால் திருத்தித் தரமாட்டார்கள்.